தெருவுக்குத் தளமிடும் செலவை யார் ஏற்பது?
விசேஷத் தீர்வை முறை பற்றிய ஒரு விளக்கம்

ஏரியின் வரத்துக்கால் தூர்ந்துபோனால் அதனைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று நம் விவசாயிகளுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயக்கட்டில் நிலம் உடையவர்கள் தத்தம் பாசனத்தின் அளவுக்கு ஏற்ப ஆளோ பொருளோ தந்து மராமத்தை முடிப்பது குடிமராமத்து என்னும் பழைய வழக்கம். ஏரி ஊருக்குப் பொதுவாயினும், அதன் நீரால் நேராகப் பயன்பெறுவோர் ஊரார் அனைவருமல்லர். ஆதலின் பயன்பெறுவோர் தம் பயனின் அளவுக்குப் பங்கு தருவதே முறை என்று நம் முன்னோர் கருதினர். இவ்வழக்கத்தைச் சட்டத்தின் துணைகொண்டு காக்கும் நோக்குடன் 1858-ல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

இனி, ஏரியை விட்டுத் தெருவுக்கு வருவோம். ஒரு தெருவில் தார்த்தளம் பெயர்ந்து குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அதற்குப் புதுத்தளம் இட வேண்டும். அத்தெருவில் வீடு உடையவர்கள் இருபது பேர். ஊரிலுள்ள மற்றவர்களோ ஆயிரம் பேர். செலவை ஊர் முழுவதும் ஏற்பதா? அல்லது அவ்விருபது வீட்டாரே ஏற்பதா? ஊரே ஏற்குமானால், வேறு தெருவில் வாழ்பவர், "எங்கள் தெரு மண்ணாகக் கிடக்க, எங்கள் வரிப்பணம் அங்கே தாராகிறதே!" என்று குறைகூறுவர். இருபது வீட்டாரே ஏற்க வேண்டுமானால், "இத்தெருவில் நாங்கள் மட்டுமா நடக்கிறோம்? ஊரின் வண்டிகளெல்லாம் இவ்வழியாகத்தானே போகின்றன!" என்று அவர்கள் கேட்பர். இருதரப்பிலும் நியாயம் உண்டு. இவ்விரு நியாயங்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் ஒரு முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். அதனை 'விசேஷத் தீர்வை' என்று அழைப்போம்.

வரியும் விசேஷத் தீர்வையும்

வரி என்பது பொதுச் செலவுக்காக எல்லோரிடமிருந்தும் பெறப்படுவது. வரி செலுத்துபவர் அதற்கு ஈடாகத் தமக்கென ஒரு நன்மையைக் காட்டுமாறு கேட்க இயலாது. விசேஷத் தீர்வையோ அத்தகையதன்று. ஒரு குறிப்பிட்ட வேலையால் ஒரு குறிப்பிட்ட சொத்துக்கு, ஊரார் பொதுவாக அடையும் நன்மைக்கும் மேலாக, ஒரு தனி நன்மை விளையுமானால், அந்நன்மையின் அளவுக்குள் அச்சொத்திடமிருந்து பெறும் தொகையே விசேஷத் தீர்வையாகும். மனை வாங்க வருபவர், வாசலில் நல்ல தளமிட்ட தெரு இருந்தால் கூடுதல் விலை தருவார் அல்லவா? அக்கூடுதல் விலையே அச்சொத்து அடைந்த விசேஷ நன்மையின் அளவாகக் கொள்ளப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமே பிறக்கின்றன. நன்மை அடையாத சொத்தின் மீது தீர்வை விதித்தல் ஆகாது என்பது ஒன்று. நன்மைக்கு மேற்பட்ட தொகையை விதித்தலும் ஆகாது என்பது மற்றொன்று. இவ்விரு வரம்புகளையும் மனத்தில் கொண்டால் இம்முறையின் ஏனைய விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

இம்முறை வந்த வரலாறு

1666-ல் லண்டன் மாநகரில் பெருந்தீ மூண்டு நகரின் பெரும்பகுதி அழிந்தது. அதனை மீண்டும் கட்டுவதற்காக 1667-ல் இயற்றப்பட்ட சட்டத்தில், தெருக்கள் அகலமாக்கப்பட்டதால் எவருடைய மனையின் மதிப்பு உயர்ந்ததோ அவரிடமிருந்து அவ்வுயர்வுக்கு ஏற்ற தொகையைப் பெறலாம் என்று விதிக்கப்பட்டது. இக்கருத்து கடல் கடந்து, 1691-ல் நியூயார்க் மாகாணச் சட்டம் ஒன்றில் இடம்பெற்றது. தெருக்களும் சாக்கடைகளும் அமைக்கும் செலவை, பயன்பெறும் வீட்டாரிடமிருந்து வசூலிக்க அச்சட்டம் வழிசெய்தது. பின்னர் அமெரிக்க நகரங்கள் வளர்ந்தபோது இம்முறையும் உடன் வளர்ந்தது. சேற்றுத் தெருக்கள் கல்தளமும் தார்த்தளமும் பெற்றதில் இத்தீர்வைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அதிகாரம் வளர்ந்தால் அத்துமீறலும் வளரக்கூடும். ஓஹையோ மாநிலத்தில் நார்வுட் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த ஒரு வழக்கை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். அவ்வூர் மன்றம் பேக்கர் என்னும் அம்மையாரின் நிலத்தின் நடுவே ஒரு தெருவைத் திறக்க எண்ணி, 300 அடி நீளமும் 50 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு நஷ்டஈடு 2,000 டாலர் என்று தீர்மானிக்கப்பட்டது. பின்னர் மன்றம் செய்தது யாது? அந்த 2,000 டாலரையும் நிலத்தை எடுப்பதற்காக நடத்திய வழக்கின் செலவையும் சேர்த்து, தெருவின் இருபுறமும் எஞ்சியிருந்த அதே அம்மையாரின் நிலத்தின் மீது தீர்வையாக விதித்துவிட்டது! ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டது மட்டுமன்றி, மேலும் சிறிது பறித்துக்கொண்டதாகவும் ஆயிற்று. 1898-ல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. விசேஷ நன்மையைக் கணிசமாக மிஞ்சும் அளவுக்குத் தீர்வை விதிப்பது, ஈடு தராமல் தனியார் சொத்தைப் பொதுவுக்கு எடுத்துக்கொள்வதேயாகும் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 1901-ல், கான்சாஸ் நகரில் ஒரு தெருவுக்குத் தளமிட்ட செலவைப் பற்றிய வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. தளமிடும் செலவைத் தெருவை ஒட்டிய மனைகளின் முகப்பு நீளத்தின்படி பகிர்ந்தது செல்லும் என்று அப்போது தீர்ப்பாயிற்று. எனவே முகப்பு அளவுப்படி பகிர்தல் தன்னளவில் குற்றமன்று. கண்ணை மூடிக்கொண்டு பகிர்ந்து, நன்மையின் எல்லையைத் தாண்டுவதே குற்றம் என்பது இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது தெளிவாகின்றது.

மின்னசோட்டா மாநிலத்தின் நடைமுறை

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இது பற்றித் தனிச் சட்டம் உண்டு. அவற்றுள் வடபகுதியிலுள்ள மின்னசோட்டா மாநிலத்தின் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1953-ல் இயற்றப்பட்ட இச்சட்டம், வேலை தொடங்குவது முதல் கடைசித் தவணை வசூலாவது வரை ஒவ்வொரு படியையும் வகுத்துரைக்கிறது.

முதற்படி விண்ணப்பம். தெருவை ஒட்டிய முகப்பு நீளத்தில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமல் உடைமை கொண்டவர்கள் கையொப்பமிட்டு நகர மன்றத்துக்கு விண்ணப்பம் செய்யலாம். அவ்வாறு விண்ணப்பம் வந்தால் மன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் வேலைக்கு உத்தரவிடலாம். விண்ணப்பமின்றி மன்றமே தொடங்கவும் இடமுண்டு. ஆயின் அப்போது மன்ற அங்கத்தினர் அனைவருள்ளும் ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரித்தாக வேண்டும். மக்கள் கேட்ட வேலைக்கு எளிய வாசல், மக்கள் கேளாத வேலைக்குக் குறுகிய வாசல் என்பது இதன் உட்கருத்து.

இரண்டாம் படி என்ஜினீயரின் அறிக்கை. வேலை அவசியமானதா, செலவு எவ்வளவாகும், தனியே செய்வது நன்றா அல்லது சாக்கடை, குடிநீர்க் குழாய் ஆகிய வேலைகளுடன் சேர்த்துச் செய்வது நன்றா என்பவற்றை அவர் ஆராய்ந்து எழுத்தில் தர வேண்டும். புதுத்தளம் இட்ட மறு ஆண்டே குழாய் போடுவதற்காக அதனை வெட்டும் வீண்செலவைத் தவிர்க்க இவ்வறிக்கை உதவுகிறது.

மூன்றாம் படி முதல் விசாரணைக் கூட்டம். இதற்கான அறிவிப்பு பத்திரிகையில் இருமுறை வெளிவருவதோடு, பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொரு சொத்துக்காரருக்கும் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே தபாலில் அனுப்பப்பட வேண்டும். வேலை தேவையா, இல்லையா என்று மக்கள் தம் கருத்தைக் கூறுவது இக்கூட்டத்தில்தான். இதன் பிறகே திட்டப் படங்கள் வரையப்பட்டு, டெண்டர் கோரப்பட்டு, வேலை நடைபெறுகிறது.

நான்காம் படி தீர்வைப் பட்டியலும் இரண்டாம் விசாரணைக் கூட்டமும். எந்தச் சொத்துக்கு எவ்வளவு என்று பெயர்வாரியாகப் பட்டியல் தயாரித்து, அதனை எவரும் பார்வையிடுமாறு வைத்து, ஒவ்வொருவருக்கும் அவர் பங்கு இவ்வளவு என்பதை இரண்டு வாரங்களுக்கு முன் தபாலில் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபிக்க விரும்புவோர் கையொப்பமிட்ட எழுத்து மூலமான ஆட்சேபணையைக் கூட்டத்துக்கு முன்போ கூட்டத்திலோ தர வேண்டும். மன்றம் பட்டியலை ஏற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடவும் உரிமை உண்டு. எழுத்தில் ஆட்சேபிக்காமல் வாய்ப்பேச்சோடு வீடு திரும்பியவர் இவ்வுரிமையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறார். இதனை அறிவிப்பிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை.

ஐந்தாம் படி வசூல். பட்டியல் ஏற்கப்பட்ட 30 நாட்களுக்குள் முழுத்தொகையையும் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. இயலாதவர்க்கு ஆண்டுத் தவணைகளாகப் பிரித்துத் தரப்படும். தவணைக் காலம் 30 ஆண்டுகளை மீறலாகாது. தவணைத் தொகை சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகிறது. இத்தீர்வை மனிதர் மேல் உள்ள கடனன்று. நிலத்தின் மேல் உள்ள வில்லங்கமாகும். செலுத்தாவிடில், சொத்து வரி பாக்கிக்குரிய நடவடிக்கைகள் அனைத்தும் தொடரும். நிலமே கைவிட்டுப் போகவும் கூடும். இம்முறையில் அடங்கியுள்ள கடுமையை இதிலிருந்து நாம் உணரலாம்.

வேலைக்கு உடனே வேண்டிய பணத்தை நகரசபை கடன் பத்திரங்கள் வெளியிட்டுத் திரட்டுகிறது. செலவில் ஐந்தில் ஒரு பங்காவது விசேஷத் தீர்வையாக விதிக்கப்படுமானால், பொது வாக்கெடுப்பு நடத்தாமலேயே இப்பத்திரங்களை வெளியிடலாம். ஆதலால் சிறு நகரங்களுக்கு இம்முறையில் தனி ஈடுபாடு இருப்பது வியப்பன்று.

ஒரு கணக்கு

கணக்காகப் பார்த்தால்தான் இது நன்கு விளங்கும். பின்வருவது உதாரணத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட கணக்கேயாகும். ஒரு தெருவுக்கு மறுதளமிட 2,40,000 டாலர் செலவாகிறது. ஊரார் அனைவரும் அத்தெருவைப் பயன்படுத்துவதால் செலவில் நூற்றுக்கு 60 பங்கை நகரசபை பொது நிதியிலிருந்து ஏற்கிறது. எஞ்சிய 96,000 டாலர் தெருவின் இருபுறமும் உள்ள 20 வீட்டு மனைகளைச் சாரும். இம்மனைகளின் முகப்பு நீளம் மொத்தம் 1,600 அடி. எனவே அடிக்கு 60 டாலர் வீதம் ஆகிறது. 80 அடி முகப்புள்ள மனைக்கு 4,800 டாலர் பங்கு.

இதனை 15 ஆண்டுத் தவணையில், நூற்றுக்கு 5 வட்டி வீதத்தில் செலுத்துவதாகக் கொள்வோம். அசலில் ஆண்டுக்கு 320 டாலர். முதல் ஆண்டு வட்டி 240 டாலர். ஆக முதல் ஆண்டில் 560 டாலர் செலுத்த வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, கடைசி ஆண்டில் 336 டாலரோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

ஆனால் எல்லா மனைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. தெரு முடியும் இடத்தில் விசிறிபோல் அமைந்த மனைக்கு முகப்பு 40 அடியே இருக்கலாம். அவர் 2,400 டாலர் மட்டும் செலுத்துவார். அவருடைய வீடோ அண்டை வீட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். மூலை மனைக்காரருக்கு இரு தெருக்களிலும் முகப்பு உண்டு. இரண்டுக்கும் முழுத் தீர்வை விதித்தால் அவர் நொந்துபோவார். எனவே சில ஊர்களில் மூலை மனைக்குக் குறுகிய பக்கத்தை மட்டும் கணக்கிடுகின்றனர். சில ஊர்களில் முகப்பை விட்டு, வீட்டுக்கு ஒரு பங்கு என்று சமமாகப் பகிர்கின்றனர். நம் உதாரணத்தில் 96,000 டாலரை 20 வீடுகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால் அனைவருக்கும் 4,800 டாலரே வரும். வேறு சில ஊர்களில் மனையின் பரப்பளவைக் கொள்கின்றனர். எம்முறையைக் கொண்டாலும் ஒரே வகையான மனைகளுக்கு ஒரே அளவாகப் பகிர வேண்டும். ஆள் பார்த்துப் பகிர்தல் கூடாது.

பகிர்ந்து முடித்த பின்பும் பழைய வரம்பு நிற்கிறது. 4,800 டாலர் விதிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றம் சென்று, புதுத்தளத்தால் தம் சொத்தின் சந்தை மதிப்பு 3,500 டாலர்தான் உயர்ந்தது என்று மதிப்பீட்டாளரின் சாட்சியத்தால் நிலைநாட்டினால், அதற்கு மேற்பட்ட 1,300 டாலரை நகரசபை அவரிடமிருந்து பெற இயலாது. அத்தொகையை ஊரின் பொது நிதியே தாங்க வேண்டும்.

புதுத் தெருவும் பழைய தெருவும்

இங்கேதான் இம்முறையின் மிகக் கடினமான கேள்வி எழுகின்றது. மண் தெரு முதன்முதலாகத் தார்த்தெருவாகும்போது மனையின் மதிப்பு உயர்வதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட தளம் தேய்ந்து, அதற்கு மறுதளம் இடும்போது மதிப்பு எவ்வளவு உயர்கிறது? முன்பிருந்த நிலைக்கு மீள்வதுதானே அது? "முதல் தளத்துக்கு விலை கொடுத்தோம், ஆண்டுதோறும் வரியும் கொடுத்தோம், அவ்வரி தெருவைக் காப்பதற்கன்றோ?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கின்றனர். மன்றங்களோ, பாழடைந்த தெருவிலுள்ள வீட்டையும் புதுத்தளமுள்ள தெருவிலுள்ள வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு விடை கூறுகின்றன. இவ்வழக்கு ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு தனித்தனியே முடிவு காண வேண்டியதாகவே உள்ளது.

2016-ல் மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இவ்விஷயத்தில் முக்கியமானது. செயின்ட் பால் நகரசபை, தெருக்களைப் பெருக்குதல், பனி அகற்றுதல் முதலிய பராமரிப்புப் பணிகளுக்காகத் தெருவை ஒட்டிய சொத்துக்களின் மீது முகப்பு அளவுப்படி ஆண்டுதோறும் ஒரு தொகை விதித்து வந்தது. அதனைக் கட்டணம் என்று கருதுமாறு நகரசபை வாதாடிற்று. ஒரு தேவாலயம் தொடுத்த வழக்கில், பொதுமக்கள் அனைவருக்கும் உரிய பணிக்காகப் பெறும் இத்தொகை வரிவிதிப்பு அதிகாரத்தின்பாற்பட்டதே. ஆதலின் விசேஷ நன்மையின் வரம்பு இதற்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியது. பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடாது என்பது இத்தீர்ப்பின் சாரம். வழக்குகளுக்கு அஞ்சி, அம்மாநிலத்துச் சில நகரங்கள் மறுதளமிடும் செலவைப் பொதுச் சொத்து வரியிலிருந்தோ, மின்சாரம், எரிவாயு ஆகியவற்றின் பட்டியலோடு சேர்ந்து வரும் உரிமைக் கட்டணத்திலிருந்தோ ஈடுசெய்யும் வழியை மேற்கொண்டுள்ளன.

ஏழையும் முதியோரும் உழவரும்

வீடு இருப்பதனாலேயே ஒருவர் கையில் பணமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கணவரை இழந்து, ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு மூதாட்டிக்கு வீட்டின் மதிப்பு உயர்ந்து யாது பயன்? அவர் அதனை விற்கப்போவதில்லை. தீர்வைச் சீட்டு மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். இத்தகையோரைக் கருதியே மின்னசோட்டாச் சட்டம் ஒரு சலுகையை வைத்திருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்க்கும், உடல் ஊனத்தால் உழைக்க இயலாதவர்க்கும், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மீதுள்ள தீர்வையை, செலுத்துவது அவர்க்குப் பெருந்துன்பம் ஆகுமானால், நகரசபை ஒத்திவைக்கலாம். அவர் காலமானாலோ, வீடு விற்கப்பட்டாலோ, அவ்வீட்டில் அவர் வாழ்வது நின்றாலோ அத்தொகை வசூலாகும். கடன் தள்ளுபடியாவதில்லை, ஆனால் கடனுக்காக முதியவர் வீட்டை விட்டு வெளியேற நேர்வதும் இல்லை.

விவசாயிகளுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. நகரத்தின் விளிம்பில் நிலம் உடைய உழவருக்குத் தெரு முகப்பு நூற்றுக்கணக்கான அடி இருக்கக்கூடும். அடிக்கு 60 டாலர் என்று விதித்தால் அவருடைய பல ஆண்டு விளைச்சலே அதற்குப் போதாது. தெருவால் பயன்பெறுவது நிலத்தில் விளையும் சோளமன்று. நாளை அங்கே எழப்போகும் வீடுகளேயாகும். எனவே 'பசுமை நிலம்' என்று பதிவான விவசாய நிலத்தின் மீதுள்ள தீர்வை, அந்நிலம் உண்மையாகவே உழப்பட்டு வரும் வரையில் ஒத்திவைக்கப்படுகிறது. நிலம் மனையாக மாறும் நாளில் அது செலுத்தப்பட வேண்டும்.

ஒரு பழைய எச்சரிக்கை

இம்முறைக்குப் பெரும் பழி தேடித் தந்தது 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் எழுந்த மனை வியாபார வேகம். பல நகரங்களின் ஓரங்களில் நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. வாங்க ஆள் வருவதற்கு முன்பே தெருக்களுக்குத் தளமிட்டு, அச்செலவைக் காலி மனைகளின் மீது விசேஷத் தீர்வையாக ஏற்றி, அத்தீர்வையை நம்பிக் கடன் பத்திரங்களை வெளியிட்டனர். 1929-ல் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியதும் மனைகள் விலைபோகவில்லை. தீர்வை நிலுவையாயிற்று, பத்திரங்களுக்குப் பணம் தர இயலாமல் பல ஊர்கள் திண்டாடின. புல் முளைத்த மனைகளின் நடுவே நல்ல தளமிட்ட தெருக்கள் ஆளரவமின்றிக் கிடந்தன. நன்மை வரும் என்னும் நம்பிக்கைக்கும், வந்துவிட்ட நன்மைக்கும் உள்ள வேற்றுமையை மறந்ததன் விளைவு இது.

தளத்தைக் காப்பதும் செலவைக் குறைப்பதும்

தார்த்தளத்தின் முதற்பகை நீர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லுதல் தகும். சிறு வெடிப்பின் வழியாக நீர் உள்ளிறங்கி, அடியிலுள்ள ஜல்லியையும் மண்ணையும் இளக்கிவிடும். பின்னர் வண்டியின் பாரம் தாங்காமல் தளம் உள்வாங்கிக் குழியாகும். மின்னசோட்டா போன்ற குளிர் நாட்டில் உள்ளிறங்கிய நீர் உறைந்து விரிவதனால் கேடு மேலும் விரைகிறது. வெடிப்பு தோன்றியவுடன் அதனை அடைத்துவிட்டால் செலவு சொற்பம். சிறிது காலம் கடந்தால் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மேல்தளம் இட வேண்டும், செலவு பலமடங்காகும். அதையும் தவறவிட்டால் அடித்தளத்திலிருந்தே தெருவைப் புதிதாக அமைக்க நேரும். விசேஷத் தீர்வை பெருந்தொகையாக வந்து வீட்டாரைத் திகைக்கவைப்பது பெரும்பாலும் இம்மூன்றாம் கட்டத்தில்தான். எனவே தீர்வையைப் பற்றிய சச்சரவுகளில் ஒரு பகுதி, காலத்தில் செய்யாத சிறு மராமத்தின் கூலியே எனலாம்.

நாம் கொள்ள வேண்டியவை

பயனுக்கு ஏற்ற பங்கு என்னும் கருத்து நம் சட்டங்களுக்கும் புதியதன்று. 1920-ன் சென்னை ஜில்லா நகரசபைகள் சட்டம், தனியார் தெருக்களைச் சீரமைக்கும் செலவைத் தெருவை ஒட்டிய சொத்துக்காரர்கள் மீது சுமத்த இடமளித்திருந்தது. புதிய பாசன வசதியால் மதிப்பு உயர்ந்த நிலங்களின் மீது அபிவிருத்திப் பங்கு விதிக்க 1955-ல் சென்னை மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. 1997-98-ல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில், வேலையின் மதிப்பீட்டில் ஒரு பகுதியை மக்கள் செலுத்த, எஞ்சியதை அரசு ஏற்கும் முறை வந்தது. 2021-22-ல் அத்திட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

எனினும் மக்கள் தாமே மனமுவந்து தரும் பங்குக்கும், மின்னசோட்டாவில் விதிக்கப்படும் தீர்வைக்கும் வேற்றுமை உண்டு. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 265-ஆம் விதி. ஆதலின் அந்நாட்டு முறையைப் பார்த்து எந்தப் பஞ்சாயத்தும் தானாகவே வீட்டுக்கு இவ்வளவு என்று தீர்வை விதிக்க முற்படலாகாது. மனமுவந்து தரும் பங்கிலும் ஒரு குறை நேரலாம். வசதி உடையோர் வாழும் தெரு தன் பங்கை விரைவில் திரட்டி முன்னே வந்துவிடும். கூலி வேலை செய்வோர் வாழும் தெரு, அதனினும் மோசமான நிலையில் இருந்தும், பின்னே நிற்க நேரும். பங்கு தரும் வல்லமையைக் கொண்டு முதலிடம் வகுத்தால், நன்மையின் அளவு என்னும் நியாயம் பணத்தின் அளவு என்னும் அநியாயமாகிவிடும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நான்கு விதிகளை மனத்தில் கொள்ளலாம் என்று கருதுகிறோம். முதலாவது, எந்தத் தெரு முதலில் என்பதைத் தெருவின் நிலையைப் பார்த்து முடிவு செய்க. பங்கு தரும் சக்தியைப் பார்த்தன்று. இரண்டாவது, மதிப்பீட்டையும் ஒவ்வொருவர் பங்கையும் வேலை தொடங்கும் முன் எழுத்தில் தெரிவித்து, கிராம சபையில் வைத்து ஆட்சேபணைகளைக் கேட்க. மூன்றாவது, பங்கு கேட்கும்போது தரமுடியாதவர் யார் என்பதை முன்னரே அறிந்து, அவர்க்கு விலக்கோ தவணையோ உழைப்பாகத் தரும் வழியோ அமைக்க. அவர் பெயரை ஊரார் முன் படித்து நாணச் செய்தல் வேண்டா. நான்காவது, வடிகால் இன்றித் தளம் இடாதிருக்க. இட்ட தளத்தின் வெடிப்பை ஆண்டுதோறும் மழைக்கு முன் அடைக்க.

நார்வுட் அம்மையாரின் வழக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது, நாடும் வேறு. ஆயினும் அவ்வழக்கு எழுப்பிய கேள்வி எந்த ஊர் மன்றத்துக்கும் உரியது. பொது நன்மையின் பெயரால் ஒருவரிடம் கைநீட்டும்போது, அவர் பெற்றதற்கு மேல் அவரிடம் கேட்கிறோமா என்று மன்றம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் பஞ்சாயத்துக்கு மக்கள் தம் பங்கை மனமுவந்து தருவார்கள். ஏரிக்கரையில் தம் பங்குக்கு மண் சுமந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பகிர்வு நேர்மையானது என்று கண்டால் பின்வாங்கமாட்டார்கள்.